தாய்ப்பாலும் டப்பாப் பாலும்

"குழந்தைக்குப் பால் போதவில்லை, டப்பாப் பால் வாங்கிக் கொடுக்கலாமா?" என்று வினவும் இளந்தாய்மார் பலர். இதற்கு விடை கூறுமுன், கடல் கடந்து சென்ற நம் சகோதரிகளின் கதையைச் சற்றுக் கேளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கங்காணிமாரின் பேச்சை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர் ஆயிரமாயிரம் பேர். மலாய் நாட்டின் ரப்பர்த் தோட்டங்களே அவர்களுக்குப் புகலிடம். ரப்பர் மரத்தை அவர்கள் 'பால்மரம்' என்றே அழைத்தார்கள். குளிர்ந்த வேளையில்தான் அம்மரத்தில் பால் நன்றாக வடியும். ஆகவே விடியுமுன்பே பெரட்டுக்கு நின்று, பொழுது புலரும்போது மரம் சீவியாக வேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். மரத்துப் பாலையெல்லாம் வாளியில் சேர்த்து ஒப்படைத்துவிட்டுத் தாய் திரும்பும்வரை, குழந்தை அவள் பாலுக்காக அழும்.

இறைத்த கிணறு ஊறும் என்பது நம் பழமொழி. தாய்ப்பாலும் அத்தகையதே. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும். இடைவெளி நீண்டால் வற்றும். சொந்த ஊராயின் பத்தியம் பார்த்துச் சோறு போடத் தாய் இருப்பாள். பக்குவம் சொல்ல மருத்துவச்சி இருப்பாள். அக்கரைச் சீமையில் இவர்களில் யார் இருந்தார்கள்?

இந்தச் சமயத்தில்தான் சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த டப்பாப் பால் வந்து நின்றது. அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. வெண்ணெய் எடுத்த பாலில் செய்ததாயின், கண்ணைக் காக்கும் 'ஏ' வைட்டமினும் இராது. அதையே உண்டு வளர்ந்த குழந்தைகள் மெலிந்தன. சில பார்வையும் இழந்தன. சீனரும் தமிழருமாகக் குடியேறிய தாய்மார் நிறைந்த சிங்கப்பூரில், விற்பனைக்காக நர்ஸ் உடை தரித்த பெண்கள் அதனைப் பரப்பினார்கள். இக்கொடுமையைக் கண்டு கொதித்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மாதரசி. 1939-இல் அந்நகரத்து ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் அவர் பேசினார். தவறான பிரசாரத்தால் விளையும் சிசு மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அஞ்சாமல் கூறினார்.

பின்னர் யுத்த காலத்தில் ஜப்பானியர் அவரைச் சாங்கிச் சிறையில் அடைத்தனர். அங்கே 20 குழந்தைகள் பிறந்தன. 20 குழந்தைகளும் தாய்ப்பால் அருந்தின. 20 குழந்தைகளும் பிழைத்தன என்று அவரே பின்னாளில் சொன்னார். சிறையில் உணவு குறைவு. ஆனால் தாயும் சேயும் பிரிக்கப்படவில்லை.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? பால் குறைந்தது தாயின் குற்றமன்று. தாயையும் சேயையும் பிரித்த வேலை முறையும், அந்தப் பிரிவைக் காசாக்கிய வியாபாரமுமே குற்றவாளிகள்.

ஆகவே, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் பால் கொடுங்கள். சீம்பாலைக் கறந்து கீழே கொட்டாதீர்கள். நோயைத் தடுக்கும் முதல் மருந்து அதுவே. ஆறு மாதம் வரையில் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், சேனையும் வேண்டாம். அதன்பின் குழைந்த சோறும் பருப்பும் ஊட்டி, இரண்டு வயதுவரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். நோயின் காரணமாக வைத்தியரே வேறு பால் கொடுக்கச் சொன்னால், அது வேறு விஷயம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இன்னொன்று. 1992-இல் நம் நாட்டுச் சட்டம் குழந்தைப் பால் உணவுகளின் விளம்பரத்தைத் தடுத்தது. 2017-இல் மற்றொரு சட்டம், முதலிரண்டு பேறுகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுமுறை அளித்தது. ஆனால், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, நம் தெருவில் எழும் கட்டடத்துக்குச் செங்கல் சுமக்கும் தினக்கூலித் தாய்க்கு விடுமுறை ஏது? அவள் குழந்தை மணற்குவியலருகே தூங்குகிறது. அன்று மலாய் நாட்டில் நம் சகோதரி நின்ற இடத்தில் இன்று அவள் நிற்கிறாள். வேலை நடுவே அரைமணி நேரம் ஓய்வும், உட்கார நிழலும், வயிறாரச் சோறும் அவளுக்குக் கிடைக்கும்படி மேஸ்திரியிடம் ஒரு சொல் சொல்ல நம்மால் முடியாதா? கடல் கடந்த நம் தாய்மாருக்காக அன்று யாரேனும் கேட்டிருக்கலாகாதா என்று ஏங்குகிற நாம், இன்று கேட்க வேண்டாமா?