பக்கத்திலேயே இருக்கின்றன குன்றுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையேற்றம் என்றாலே ஏலகிரி, கொல்லிமலை என்று கிளம்பிவிடுகிறோம். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலுமே அருமையான குன்றுகள் இருப்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

மின்சார ரயிலில் போய் இறங்கி ஏறக்கூடியது பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடிதான். உச்சியில் போர்ச்சுகீசியர் 1523இல் கட்டிய தேவாலயத்தருகே நின்றால் விமான நிலைய ஓடுபாதை தெளிவாகத் தெரியும். திருக்கழுக்குன்றம் சற்று மூச்சு வாங்க வைக்கும். 500க்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெட்டிவைத்த பெயர்களை அங்கே பார்க்கலாம்.

பரங்கிமலை ஏறி இறங்கிய பசிக்குத் திருவல்லிக்கேணி ரத்னா கபேயைத்தான் சொல்வேன். 1948 முதல் நடக்கும் கடை. இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள். கேட்டால் மறுபடியும் ஊற்றுவார்கள்.

ஒரு வேண்டுகோள். படியோரங்களில் தண்ணீர் பாட்டில்களும் தின்பண்ட உறைகளும் கிடப்பது மனதை வருத்துகிறது. அடிவாரத்தில் குடிநீர்க் குழாய், குப்பைத் தொட்டி, அந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லும் தமிழ்ப் பலகை ஆகிய மூன்றும் வேண்டும். விடுமுறை நாள்களில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு அதிகாலையில் கூடுதல் பேருந்துகள் விட்டால், கார் இல்லாத குடும்பங்களும் பிள்ளைகளை அழைத்துவர முடியும். சம்பந்தப்பட்ட துறையினர் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

– வாசகர், குரோம்பேட்டை