பழி சோயா மேலா? அடி நம்ம வயித்துலயா?



"மீல் மேக்கர் தின்னா ஆம்பளைக்குப் பெண்தன்மை வந்துடும்" என்கிற பேச்சு டீக்கடையில் மட்டுமல்ல, நம் மேடையிலும் ஏறிவிட்டது. கடலையைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்கிறோம்!

சோயாவில் ஐசோஃபிளேவோன் என்றொரு பொருள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் சாயல் அதற்கு இருக்கிறது. வீரியம் மிகக் குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-லும் 2021-லும் பார்த்தார்கள். ஆண் ஹார்மோன் குறையவில்லை. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நேர இடைவெளி விட வேண்டும். மற்றபடி காய்ந்த மீல் மேக்கரில் ஏறக்குறைய பாதி புரதம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது சத்து. சுத்திகரித்த சோயா எண்ணெயிலோ அந்தப் பொருள் அநேகமாக இல்லவே இல்லை!

அப்போ நம்மை அடிப்பது எது? ஹார்மோன் இல்லீங்க, இறக்குமதி! கச்சா சோயா எண்ணெய், பாமாயில், சூரியகாந்தி எண்ணெய்க்கு 2024 செப்டம்பரில் 20 சதவீத அடிப்படை வரி போட்ட மத்திய அரசு, 2025 மே மாதம் அதை 10 ஆக வெட்டியது. அர்ஜென்டினா எண்ணெய் மலிவாக வந்து இறங்கினால் நம் கடலையை யார் சீந்துவார்? மத்தியப் பிரதேச சோயா விவசாயியும் 2024-ல் குவிண்டாலுக்கு 6,000 ரூபாய் கேட்டுத் தெருவுக்கு வந்தார். அவர் நமக்கு எதிரி இல்லை, நம்ம ஆள்!

மத்திய அரசே! வெட்டிய வரியைத் திரும்பப் போடு!
மாநில அரசே! ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் கொடு!

வதந்தியை விடுவோம்! நியாயத்தைக் கேட்போம்! திரண்டு வாரீர்!