யாருடைய கிணற்றுக்காகப் படிக்கிறோம்?

விவசாய பீடத்தில் நாலு வருசம் படிச்சு முடிச்ச ஒருவரிடம் வீட்டிலும் ஊரிலும் கேட்கிற முதல் கேள்வி, "இனி என்ன செய்யப் போறாய்?" இரண்டாவது கேள்வி, "வெளியில போகேலாதோ?"

எங்கட ஆட்களிடம் இதுக்கு மூன்று பதில்கள்தான் இருக்கு. போட்டிப் பரீட்சை எழுதி அரசாங்க வேலை எடுப்பது, ஏதாவது வங்கியிலோ அரச சார்பற்ற நிறுவனத்திலோ சேருவது, அல்லது புலமைப்பரிசில் எடுத்து வெளிநாடு போவது. பட்டப்பின் படிப்பு என்பது இந்த மூன்றில் ஒன்றுக்கு ஏறுகிற படிக்கட்டாகத்தான் எங்களுக்குள் பேசப்படுகிறது. மாஸ்ரர்ஸ் இருந்தால் நேர்முகத்தில் புள்ளி கூடும், பதவி உயர்வு வரும், விசாவும் கிடைக்கும் எண்டு சொல்லுவார்கள். இதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. தங்கச்சியின் படிப்புச் செலவையும் அப்பாவின் கடனையும் தலையில் வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைக்கு சம்பளம் பெரிய விசயம்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கு. விவசாயத்திலும் கிராமிய வள முகாமைத்துவத்திலும் மேற்படிப்புக்குப் போகிறவர், எங்கே படிப்பது என்பதைத் தீர்மானிக்க முதல் எதைப் படிப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கேள்வி எங்கட வயலிலும் கிணற்றடியிலும் மேய்ச்சல் தரையிலும் இருந்து வர வேண்டும். கண்டுபிடித்த விடையும் அங்கேயே, அங்கே இருக்கிறவரின் மொழியிலேயே திரும்பிப் போக வேண்டும். இதை மாணவர் மட்டும் நினைத்தால் நடக்காது. பல்கலைக்கழகங்களும் வழி விட வேண்டும்.

முதலில், என்னென்ன கதவுகள் இருக்கு?

நாட்டுக்குள் பெரிய கதவு பேராதனைதான். அங்கேயுள்ள விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1975இல் தொடங்கியது. மண் விஞ்ஞானம், பயிர் விஞ்ஞானம், விவசாயப் பொருளியல், விவசாய விரிவாக்கம், பயிர்ப் பாதுகாப்பு, உணவு விஞ்ஞானம், விலங்கு விஞ்ஞானம், விவசாயப் பொறியியல் எண்டு பல துறைகளில் அங்கே முதுமாணியிலிருந்து கலாநிதிப் பட்டம் வரை செய்யலாம். தமிழ்ப் பிரதேசங்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கு. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரோடு யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, பிறகு அறிவியல் நகருக்குத் திரும்பிய பீடம் அது. மட்டக்களப்பில், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கு.

எந்தக் கதவால் போனாலும் ஒரு விசயத்தை முதலிலேயே விளங்கிக்கொள்ளுங்கள். முதுமாணி எல்லாம் ஒரே மாதிரி இல்லை. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிற். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிற். முழுக்க ஆய்வாகச் செய்யும் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். நாளைக்கு விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ வர விரும்புகிற ஒருவர், ஒரு வருசத்தில் முடியுது எண்டு 9ஆம் மட்டத்தில் சேர்ந்தால் பிறகு திரும்பவும் ஏற வேண்டி வரும். ஏற்கனவே திணைக்களத்தில் வேலை செய்யிற, புதிய விசயங்களைப் படித்துத் தன் வேலையைத் திருத்த நினைக்கிற விவசாயப் போதனாசிரியருக்கு அதே 9ஆம் மட்டம் சரியான தெரிவாக இருக்கலாம். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முதல் இந்த வித்தியாசத்தை ஒருதரம் கேட்டு அறிந்தால் ரெண்டு வருசம் மிச்சம்.

வெளிநாட்டுக் கதவுகளும் கனக்க இருக்கு. இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில்கள், ஜப்பானின் மெக்ஸ்ற், ஒரே பட்டத்தை ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்க விடுகிற ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் ஆகியவை எங்கட ஆட்களுக்குப் பழக்கமானவை. தாய்லாந்தின் ஆசியத் தொழில்நுட்ப நிறுவகம், நெதர்லாந்தின் வாகனிங்கன், கோயம்புத்தூரின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற பெயர்களும் எங்கட பச்சுகளில் அடிக்கடி அடிபடும். கிராமிய முகாமைத்துவம் எண்டால் குஜராத்தின் ஆனந்தில் இருக்கிற கிராமிய முகாமைத்துவ நிறுவகத்தையும் தெரிந்திருக்க வேண்டும். பால் கூட்டுறவுகளைக் கட்டி எழுப்பிய வர்கீஸ் குரியன் 1979இல் அதைத் தொடங்கினார். விவசாயிகளின் அமைப்புகளை நடத்த, கிராமத்தை விளங்கிக்கொண்ட முகாமையாளர்கள் தேவை என்பதற்காகவே உருவான இடம் அது. எங்கட பக்கத்தில் பால், கடல், பனை எண்டு எத்தனையோ கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கு. அவற்றை நடத்தவும் படித்த ஆட்கள் வேண்டும் என்ற யோசனை எங்கட பீடங்களில் இன்னும் பெரிசா எழும்பவில்லை.

சரி, கேள்வி எங்கே இருக்கு?

ஒரு உதாரணம் சொல்கிறோம். யாழ் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிற நிலத்தடி நீர்தான் குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கும். அதே செம்மண்ணில்தான் வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு, மரக்கறி எண்டு இடைவெளியில்லாமல் பயிர் செய்கிறோம். போடுகிற பசளையில் பயிர் எடுத்தது போக மிச்சம் நீரோடு கீழே இறங்குது. மலசலகூடக் குழிகளும் அதே நிலத்துக்குள்தான். இதனால் கிணறுகளில் நைத்திரேற்று கூடுகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை அது கெடுக்கும் என்பதுதான் அந்த வரம்புக்கு முக்கிய காரணம்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. யாழ்ப்பாணக் கிணறுகளின் நைத்திரேற்றை 1980களிலேயே அளந்து விஞ்ஞான இதழில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ மாணவர்கள் அளந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட நாற்பது வருசமாக நாங்கள் அளந்துகொண்டே இருக்கிறோம். அளந்ததெல்லாம் ஆங்கிலத்தில், ஆய்வேடாகவோ ஆய்விதழ்க் கட்டுரையாகவோ இருக்கு. மாதிரி எடுக்கத் தன் கிணற்றைத் திறந்துவிட்ட தோட்டக்கார ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள். "பிள்ளையள் வந்து போத்தில்ல தண்ணி எடுத்துக்கொண்டு போச்சினம், பிறகு ஒரு கதையும் இல்லை" எண்டுதான் சொல்லுவார்.

அந்த ஐயாவுக்குத் தேவையான கேள்வி வேறு. வெங்காயத்துக்கு எவ்வளவு யூரியாவை எந்தக் கிழமையில் போட்டால் விளைச்சல் குறையாமல் கிணறும் தப்பும்? பசளையைக் குறைத்ததால் ஒரு போகம் நட்டம் வந்தால் அதை ஆர் தாங்குவது? பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து குறைக்காவிட்டால் நான் மட்டும் குறைத்து என்ன பலன்? முதலாவது மண் விஞ்ஞானம். இரண்டாவது விவசாயப் பொருளியல். மூன்றாவதுதான் கிராமிய வள முகாமைத்துவம். ஒரு கிணற்றடியிலேயே மூன்று முதுமாணிக்கான வேலை இருக்கு.

வளம் எண்டால் அரசியலும்தான்

"வள முகாமைத்துவம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் வரைபடம், செய்மதிப் படம், மென்பொருள்தான் ஞாபகம் வரும். அவை தேவையான கருவிகள். ஆனால் எங்கட இடங்களில் வளம் ஆருடையது என்பதே தீராத கேள்வி. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பால் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வன்னியில் மீளக்குடியேறிய கமக்காரர், தாங்கள் முந்தி செய்த காணியில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டார்கள். பூநகரிப் பக்கம் கடலட்டைப் பண்ணைகள் வந்தபோது, சிறு மீனவர்கள் வலை போடும் இடத்தையும் பாதையையும் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளிய குடும்பம், வீட்டுக்கு 7 பேர்ச் காணிக்கே காத்துக்கிடக்குது. அங்கே "விவசாயம்" படிக்கிற பிள்ளை முதலில் கேட்க வேண்டியது, பயிரிட நிலம் எங்கே என்பதைத்தான்.

இவற்றை ஆய்வுக் கேள்வியாக எடுக்க மாணவர் பயப்படுகிறார். "இதெல்லாம் பிரச்சினையான விசயம், வேற தலைப்பு எடு" எண்டு சொல்லுகிற ஆட்களும் இருக்கினம். ஆனால் மேய்ச்சல் தரை சுருங்கினால் ஒரு பண்ணையில் பால் எவ்வளவு குறையுது, மாட்டை எவ்வளவு தூரம் சாய்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கு, தீவனத்துக்கு மேலதிகமாக எவ்வளவு செலவு எண்டு கணக்கெடுப்பது கோஷம் போடுவதாகாது. அது துறைக்குரிய வேலை. அந்தக் கணக்கு கையில் இருந்தால், பண்ணையாளர் அடுத்த தடவை கச்சேரிக் கூட்டத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போக மாட்டார்.

2021 சொல்லித் தந்தது

மேற்படிப்பு நாட்டுக்கு என்னத்துக்கு எண்டு கேட்கிறவர்கள் 2021ஐ மறந்திருக்க முடியாது. அந்த வருசம் ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை எண்டு அறிவித்தார்கள். விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், அரசு கேட்கவில்லை. அந்தக் கொள்கையை விமர்சித்த பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் விழுந்தது, அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. அதே காலத்தில் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையின் மாதிரியில் பயிருக்கு நோயாக்கும் பக்றீரியா இருக்கு எண்டு எங்கட நாட்டு ஆய்வுகூடம் சொன்னது. அதைச் சொல்லப் படித்த ஆட்கள் இருந்தபடியால்தான் அந்தக் கப்பல் இங்கே சரக்கை இறக்கவில்லை.

இதில் எங்களுக்கு இரண்டு பாடம். ஆழமாகப் படித்தவர்கள் நாட்டுக்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அவர்களுக்கும் கமக்காரருக்கும் இடையில் பேச்சு இருக்க வேண்டும். தடை வந்த அண்டு சேதனப் பசளை எப்படிச் செய்வது, எவ்வளவு போடுவது, எந்தப் பயிருக்குப் போதாது எண்டு தமிழில் ஒரு ஒழுங்கான கைநூல் எத்தனை கமநல சேவை நிலையங்களில் இருந்தது? விஞ்ஞானி தனியாகவும் கமக்காரர் தனியாகவும் நிற்கிற இடத்தில், அரசாங்கம் நினைத்ததைச் செய்துவிட்டுப் போகலாம்.

எங்கட கோரிக்கைகள்

பல்கலைக்கழகங்களிடம் மூன்று விசயம் கேட்கிறோம்.

ஒன்று, வடக்கு கிழக்கில் கமக்காரரிடம் தரவு எடுத்துச் செய்கிற ஒவ்வொரு பட்டப்பின் ஆய்வுக்கும் தமிழில் நாலு பக்கச் சுருக்கம் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஆய்வேடு கையளிக்கும்போதே அந்தச் சுருக்கமும் கையளிக்கப்பட்டு, உரிய கமநல சேவை நிலையத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் போய்ச் சேர வேண்டும். சிங்களக் கிராமத்தில் செய்தால் சிங்களத்தில் இருக்கட்டும். இதுக்குப் பெரிய காசு தேவையில்லை.

இரண்டு, தூரத்தைக் குறையுங்கள். கிளிநொச்சியிலோ அக்கரைப்பற்றிலோ வேலை செய்கிற ஒருவர் வெள்ளி இரவு பஸ் ஏறி கண்டிக்குப் போய், வகுப்பு முடிய ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை கையெழுத்து வைக்க வேண்டியிருக்கு. கைக்குழந்தை உள்ள பெண்ணுக்கு இது எப்படி முடியும்? எங்கட விவசாய பீடங்களில் பெண்கள்தான் கனபேர் படிக்கினம். அறிவியல் நகரிலும் வந்தாறுமூலையிலும் பட்டப்பின் பாடநெறிகள் பெருக வேண்டும். பீடங்கள் மேற்பார்வையாளர்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

மூன்று, வயலுக்குப் போய்வரும் செலவு. மண் பரிசோதனைக்கும் பஸ் காசுக்கும் மாணவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறபடியால்தான், கனபேர் கணினிக்கு முன்னால் இருந்து முடிக்கக்கூடிய தலைப்பைத் தெரிவு செய்கினம்.

மேற்படிப்புக்கு யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் ஒரு சொல். விண்ணப்பிக்க முதல் ஒரு போகம், முடிந்தால் ஒரு போகம் முழுக்க, கமக்காரர் அமைப்பின் கூட்டங்களுக்குப் போய் பின்வாங்கில் இருங்கள். எதுக்குச் சண்டை பிடிக்கிறார்கள், எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் எண்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்திலும், கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவகத்திலும், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திலும் வேலை செய்கிறவர்களைத் தேடிப் போய்க் கதையுங்கள். பிறகு அந்தக் கேள்விக்குப் பொருத்தமான மேற்பார்வையாளர் எங்கே இருக்கிறார் எண்டு தேடுங்கள். அவர் பேராதனையில் இருக்கலாம், கோயம்புத்தூரில் இருக்கலாம், வாகனிங்கனில் இருக்கலாம். எங்க இருந்தாலும் தாராளமாகப் போங்கள். சொந்தக் கேள்வியோடு போகிற மாணவர், மேற்பார்வையாளர் தன்னுடைய திட்டத்தில் மிச்சமாகக் கிடந்த ஒரு துண்டைத் தூக்கித் தருவதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

திரும்பி வருவீங்களோ இல்லையோ எண்டு நாங்கள் சத்தியம் கேட்கவில்லை. அது அவரவர் வாழ்க்கை. விடை மட்டும் திரும்பி வரட்டும், தமிழில், நாலு பக்கத்தில்.