நிரலும் எழுத்துதான்

2019 ஜூலையில் சிரியா, ஈரான், கிரிமியா நிரலாளர்கள் பலர், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தாங்கள் எழுதிவைத்த தனிக் களஞ்சியங்களைத் திறக்க முடியாமல் திகைத்தார்கள். அமெரிக்கப் பொருளாதாரத் தடைதான் காரணம். பொதுவில் வைத்தவை மட்டும் மிஞ்சின. ஈரானுக்காக உரிமம் பெற்று 2021 ஜனவரியில் அந்நிறுவனம் வழிவிட்டது. சிரியாவுக்கு அந்த நாள் வர 2025 செப்டம்பர் ஆயிற்று. அதற்கு முன் அசாத் ஆட்சி விழ வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜூன் 30 அன்று அமெரிக்க அதிபர் தடைகளை விலக்கி ஆணையிட வேண்டியிருந்தது. ஏற்றுமதி விதிகளும் தளர வேண்டியிருந்தது.

கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதினார். ஒவ்வொருவர் கணினியிலும் நிரலின் முழு வரலாறும் இருக்கும்படிதான் அதை அமைத்தார். நிரல் அப்படிக் கைவசம் இருந்தாலும், பிழைக் குறிப்புகள், விவாதங்கள், யார் எதைத் திருத்தினார் என்ற பேச்சு எல்லாம் ஒரு கம்பெனியின் சர்வரில் தங்கிவிட்டன. வேலை தேடும் இளைஞருக்கு அவருடைய கிட்ஹப் பக்கம்தான் சான்றிதழ். ஆட்சியை நெருக்கத்தான் தடை என்றார்கள். நெருக்கப்பட்டது, மின்வெட்டுக்கு நடுவே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள்.

டமாஸ்கஸில் கட்டற்ற மென்பொருளுக்காக உழைத்த பாசல் கர்தாபிலை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பால்மைராவின் பழங்கட்டடங்களை முப்பரிமாணத்தில் உருவாக்கி, எல்லோரும் எடுத்தாளத் தர விரும்பியவர். 2012 மார்ச்சில் அசாத் அரசு அவரைக் கைது செய்து, 2015இல் கொன்றது. அது மனைவிக்கு உறுதியாகத் தெரிந்தது 2017இல். உள்ளே அப்படியோர் அரசு. வெளியே பூட்டிய தளங்கள். சிரியாவின் இளம் நிரலாளர் தலைமுறை இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தது.

1988இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் நூல்கள், இதழ்கள், திரைப்படங்கள் போன்றவற்றைத் தடைகளிலிருந்து விலக்கிச் சட்டம் செய்தது. எதிரி நாட்டுக் கவிதைத் தொகுப்புக்குக் கிடைத்த அந்த இடம், எதிரி நாட்டு மாணவி எழுதிய நிரலுக்கும் அதைச் சேமிக்கும் தளத்துக்கும் கிடைத்திருக்க வேண்டும். நிரலும் ஒருவர் எழுதி, இன்னொருவர் படித்து, மூன்றாமவர் திருத்தும் எழுத்துதான். அடுத்த நாட்டின்மீது தடை விழும் முன்பே இதைச் சட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

தமிழ் நிரலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அலெப்போவிலிருந்தோ ஹோம்ஸிலிருந்தோ உங்கள் களஞ்சியத்துக்கு ஒரு திருத்தம் வந்தால், கிடப்பில் போடாதீர்கள். அன்றே படித்துப் பதில் எழுதுங்கள்.