கையில் இல்லாததை விற்கலாமா?



1995ஆம் ஆண்டு அமேசான் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கியது. 2007இல் பெங்களூரில் தோன்றிய ஃபிளிப்கார்ட்டும் புத்தகத்தில்தான் தொடங்கியது. ஒரு நூலின் பெயரும் பதிப்பும் தெரிந்தால் போதும். எங்கு வாங்கினாலும் பொருள் ஒன்றே. துணி அப்படியன்று, தொட்டுப் பார்த்தால்தான் மனம் ஒப்பும். பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையை 2010இல் ஃபிளிப்கார்ட் கொண்டுவந்தபோது அந்தத் தயக்கமும் குறைந்தது. 2016இல் யு.பி.ஐ. வந்தது. இன்று கைப்பேசி இருந்தால் எவரும் வியாபாரியாகலாம்.

இவ்வளர்ச்சியை மார்க்கம் மறுக்கவில்லை. தொலைநகல், கணினித் திரை ஆகியவற்றின் வழியே செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்று ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990லேயே தீர்மானித்துவிட்டது. ஆனால் கருவி மாறியதால் வியாபாரத்தின் நிபந்தனைகள் மாறிவிடவில்லை.

நம் இல்லங்களில் பரவியுள்ள ஒரு முறையைப் பாருங்கள். மொத்த வியாபாரி அனுப்பும் அபாயா, சுடிதார் படங்களை வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறோம். நம் விலையைச் சொல்லிப் பணத்தையும் பெற்றுக்கொள்கிறோம். அதன் பிறகே அங்கே ஆர்டர் கொடுக்கிறோம். விற்ற பொருளை நாம் கண்ணாலும் கண்டதில்லை. ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள்: தம்மிடம் இல்லாததை ஒருவர் கேட்டால், விற்றுவிட்டுப் பின்னர் சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா? கூடாது என்று நபியவர்கள் தடுத்தார்கள். இருப்பு தீர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, விலை ஏறினாலோ சச்சரவு எழுவதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

“முதல் இல்லாத பெண்கள் வீட்டிலிருந்தே கண்ணியமாகச் சம்பாதிக்கிறார்களே, அதையும் தடுப்பதா?” என்று கேட்கலாம். தடுக்க வேண்டியதில்லை, வழியைத் திருத்தினால் போதும். மொத்த வியாபாரியின் தரகராக இருந்து, அதை வெளிப்படையாகச் சொல்லி, பேசிய கமிஷனைப் பெறலாம். அல்லது விருப்பத்தை மட்டும் கேட்டறிந்து, பொருளை வாங்கிக் கைவசப்படுத்திய பின் விற்கலாம். தைத்துக் கொடுப்பது போன்றவற்றில், முழுத்தொகையை முன்னரே பெற்று, அளவு, தரம், தவணை ஆகியவற்றைத் தெளிவாக வரையறுக்கும் ‘ஸலம்’ முறைக்கு இடமுண்டு. மதீனாவில் பேரீச்சம்பழத்திற்கு நடைமுறையில் இருந்த அதனை நபியவர்கள் இந்த நிபந்தனைகளுடன் அனுமதித்தார்கள். விவரங்களை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை நபியவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். மெருகூட்டிய புகைப்படமும் பொய்யான நட்சத்திர மதிப்பீடும் இன்றைய குவியலின் மேற்பரப்பே. பெருநாளுக்கு அணிந்துவிட்டு “அளவு சரியில்லை” என்று திருப்பி அனுப்பும் வாங்குபவரும் இதே ஏமாற்றில் பங்காளிதான்.

இலாபம் குறைந்தாலும் பரக்கத் குறையாத வியாபாரத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.