இரண்டாவது கட்டில்

பேய்க்கதையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவருவோர், எழுத்தாளர் வேண்டுமென்றே காட்டாமல் விட்டதைக் காட்டுவதா மறைப்பதா என்ற சிக்கலிலிருந்து தப்ப இயலாது. அதற்கு இன்றுவரை மிகக் கூர்மையான விடை தந்திருப்பது, 1968-இல் ஜானதன் மில்லர் இயக்கி பிபிசி ஒளிபரப்பிய 'விசில் அண்ட் ஐ வில் கம் டு யூ' என்னும் கறுப்பு வெள்ளைப் படமாகும். இதற்கு மூலமானது, இடைக்கால ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் எம். ஆர். ஜேம்ஸ் எழுதி 1904-இல் நூலாக வந்த தொகுப்பிலுள்ள கதை. அவர் தம் கதைகளைக் கிறிஸ்துமஸ் நாட்களில் கல்லூரி நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம்.

கதை எளியது. பேயை நம்பாத பேராசிரியர் ஒருவர் கிழக்கு இங்கிலாந்தின் கடற்கரை விடுதியில், இரு கட்டில்கள் உள்ள அறையில் தனியாகத் தங்குகிறார். டெம்ப்ளர்கள் எனப்படும் பழைய துறவி வீரர்களின் தேவாலய இடிபாட்டில் வெண்கல ஊதுகுழல் ஒன்றைக் கண்டெடுத்து ஊதுகிறார். காற்று எழுகிறது, பிறகு வேறொன்றும் எழுகிறது. அதற்கென்று உடல் இல்லாததால், யாரும் படுக்காத இரண்டாவது கட்டிலின் விரிப்பையே அது உடலாக்கிக்கொள்கிறது.

ஜேம்ஸின் கதையில் அந்தப் பேராசிரியரான பார்கின்ஸ் இளைஞர், சொல்லில் திருத்தமானவர். மில்லர் அந்தப் பாத்திரத்தை மைக்கேல் ஹார்டனிடம் கொடுத்து, தனக்குள்ளேயே முணுமுணுத்துத் தன் சொல்லைத் தானே ரசித்துக்கொள்ளும் முதிய தனியராக்கினார். மருத்துவம் பயின்றவரான மில்லருக்குப் பேயைவிட அதைக் காணும் மனமே பெரிதாயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழியை ஜேம்ஸின் கதை ஏற்பதில்லை, ஏனெனில் அங்கே விடுதியில் தங்கியுள்ள கர்னலும் அவ்வுருவத்தைக் கண்ணாரக் காண்கிறார். படமோ ஏறத்தாழ அப்பழமொழியின் பக்கமே சாய்கிறது. மூலத்துக்கு இது துரோகம் என்போர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் ஒரு துணியின் மெதுவான அசைவும், உருக்குலைந்த ஒலியும், சொல்லெல்லாம் தீர்ந்துபோன அந்த அறிஞரின் முனகலும் மட்டுமே கொண்டு அமைந்த இறுதிக் காட்சி, கதைக்குரிய அச்சத்தைச் சிறிதும் சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்கிறது. (ஜேம்ஸின் குறும்பு நகைச்சுவை பெரிதும் இழக்கப்பட்டது, அது சிறிய இழப்பன்று.)

ஜான் ஹர்ட் நடித்த 2010-ஆம் ஆண்டுத் தழுவல் இதே பாதையில் மேலும் நெடுந்தொலைவு சென்று, ஊதுகுழலையே நீக்கி மோதிரமாக்கி, நினைவிழந்த மனைவியைப் பிரிந்த கணவரின் துயரை மையமாக்கியது. காரணம் கூறப்பட்ட இடத்தில் அச்சம் இரக்கமாக மாறிவிடுகிறது. அது நல்ல நாடகம், ஆனால் பேய்க்கதை அன்று.

மில்லர் தொடாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அவர் பேராசிரியரை அந்த இரவோடு விட்டுவிடுகிறார். ஜேம்ஸோ அவரைப் பிழைக்கவைத்து, கதவில் தொங்கும் பாதிரியின் வெள்ளை அங்கியைக் கண்டாலே கலங்குபவராக, குளிர்கால மாலையில் வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையால் உறக்கம் இழப்பவராகத் தொடர்ந்து வாழவிடுகிறார்.