கொல்லைப்புறத்துக் காடு

போன ஆடி மாசம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன யுத்தமே நடந்தது. காரணம் வேறொன்றுமில்லை, கொல்லைப்புறம்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் என் மாமனார் வாங்கிப்போட்ட மனை இது. வீடு போகப் பின்னால் கொஞ்சம் மண் தரை. அதில் ஒரு வேப்பமரம், ஒரு முருங்கை, ஒரு கொய்யாக் கன்று, உறைக்கிணறு, துணி துவைக்கிற கல். "எப்பப் பார்த்தாலும் இலை கொட்டுது. மழை வந்தா சேறு. எலி வருது, எலிக்குப் பின்னாலேயே பாம்பு வந்தா என்ன பண்றது? மரத்தை எடுத்துட்டு முழுசா சிமென்ட் போட்டுடலாம். உனக்கும் பெருக்குற வேலை மிச்சம்" என்றார் என் வீட்டுக்காரர். தினம் இரண்டு வேளை பெருக்குகிறவள் நான்தானே? எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கொத்தனார் வந்து அளந்துவிட்டும் போய்விட்டார்.

எதிர்த்தவன் எட்டாம் வகுப்புப் படிக்கிற சின்னவன் ஒருவன்தான். "அப்போ அந்தக் கீரி எங்கம்மா போகும்?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தக் கீரிடா?" என்றேன். சுவர் ஓட்டை வழியாகத் தினம் மத்தியானம் ஒரு கீரிப்பிள்ளை வந்து போகிறதாம். லீவு நாளிலெல்லாம் பார்த்திருக்கிறானாம். பதினெட்டு வருஷமாக அந்தக் கல்லில் துணி துவைக்கிறேன், ஒரு நாள்கூட என் கண்ணில் பட்டதில்லை பாருங்கள்!

அந்த வாரம்தான் கிளை நூலகத்தில் ஒரு புத்தகம் கையில் அகப்பட்டது. மா. கிருஷ்ணன் எழுதிய 'மழைக்காலமும் குயிலோசையும்'. சமையல் புத்தகம் தேடப் போனவள், பெயர் நன்றாயிருக்கிறதே என்று இதையும் எடுத்து வந்தேன். மத்தியானம் படுக்கும்போது பிரித்ததுதான், தூக்கமே போய்விட்டது.

யார் இந்தக் கிருஷ்ணன்? 'பத்மாவதி சரித்திரம்', 'முத்துமீனாட்சி' எல்லாம் எழுதி, பால்ய விதவைகளின் துயரத்தைப் பேசிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர், வீட்டில் கடைக்குட்டி. அவர் சிறுவனாக இருந்த காலத்து மயிலாப்பூர், இன்று நாம் வெள்ளீஸ்வரர் கோவிலுக்கும் கபாலி கோவிலுக்கும் போகிற மயிலாப்பூர் இல்லை. புதர் மண்டிக் கிடந்த இடம். நரியும் வெளிமானும்கூடக் கண்ணில் படுமாம். பதினோரு வயதில் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளை வளர்த்தாராம். (இந்தக் காலத்தில் யாரும் ஆசைப்பட்டு வளர்த்துவிடாதீர்கள். 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி அது குற்றம்.) இதைப் படித்ததும் என் சின்னவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியராக, நீதிபதியாக என்று பல வேலைகள் பார்த்தவர், பிறகு சென்னைக்குத் திரும்பி எழுத்தையும் படம் பிடிப்பதையுமே தொழிலாகக் கொண்டார். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். யானை மேல் ஏறிப்போய்க் காட்டு யானைகளைப் படம் பிடித்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் ஒரு பத்தி எழுத ஆரம்பித்து, 46 வருஷம் விடாமல் எழுதினார். கடைசிக் கட்டுரை வெளியான 1996 பிப்ரவரி 18ஆம் தேதியே அவரும் காலமானார். அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழிலும் நிறைய எழுதினார். அவை பழைய பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தன. தியடோர் பாஸ்கரன் அவற்றைத் தேடித் தொகுத்ததுதான் நான் படித்த புத்தகம். பெருமாள்முருகன் பதிப்பித்த 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்று இன்னொன்றும் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், புலி யானை பற்றி எழுதிய அதே கையால் காக்காய், அணில், ஓணான் பற்றியும் அவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறார். 1961இல் வந்த அவருடைய ஆங்கிலப் புத்தகத்தின் பெயருக்கே 'காடும் கொல்லைப்புறமும்' என்றுதான் அர்த்தம்! கேள்விப்பட்டதை எழுதாமல், தானே பார்த்ததை எழுதுகிறவர். தோட்டத்தில் வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து நிரப்பாமல் நம் ஊர் மரம் செடிகளையே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்.

மறுநாள் துவைத்து முடித்துவிட்டு, சும்மா பத்து நிமிஷம் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தேன். முதலில் காக்காய் தவிர ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் கொய்யாக் கன்றில் இலையோடு இலையைச் சேர்த்துத் தைத்த ஒரு கூடு! தையல்சிட்டு. ஊசியில்லை, மிஷினில்லை, அலகால் ஓட்டை போட்டுப் பஞ்சு இழுத்துத் தைத்திருக்கிறது. ரவிக்கைக்கு ஹெம்மிங் பண்ணுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இன்னொரு நாள் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியாக ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. பெண் குயிலாம். கறுப்பாக இருந்து 'குக்கூ' என்று பாடுவது ஆண் குயில்தானாம். இத்தனை நாள் "குயில் பாடுகிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே! கீரியும் வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் போயிற்று.

சரி, இனி இவரிடம் எப்படிப் பேசுவது? குருவி கூடு கட்டியிருக்கிறது என்றால் சிரிப்பார். ஆகவே கிணற்றைப் பற்றிப் பேசினேன். "என்னங்க, 2019 கோடையில புழல் ஏரியே வத்திப்போச்சே, நினைவிருக்கா? அப்பக்கூட நம்ம கிணறு தினம் நாலு குடம் கொடுத்துச்சு. முழுக்க சிமென்ட் போட்டா மழைத்தண்ணி மண்ணுல எப்படி இறங்கும்?" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கொத்தனாருக்கு மறுபடி போன் போட்டார். துவைக்கிற கல்லைச் சுற்றியும், போக வர ஒரு நடைபாதைக்கும் மட்டும் சிமென்ட். வேம்பு பிழைத்தது.

பயத்தையும் தள்ளிவிட முடியாதல்லவா? எச்சில் சோறு கொட்டுவதை நிறுத்தினேன். விறகுக் குவியலையும் பழைய சாமான்களையும் அப்புறப்படுத்தினேன். எலி குறைந்தால் பாம்புக்கு வேலையில்லை. அப்படியும் பாம்பைக் கண்டால் தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும். அடிக்கவோ பிடிக்கவோ கூடாது. பறவைகளுக்கு மண் சட்டியில் தண்ணீர் வைக்கிறேன். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவிவிடுவேன், இல்லையென்றால் கொசுவுக்குத் தொட்டில் கட்டினது போலாகிவிடும்.

பெருக்குகிற வேலை என்னவோ குறையவில்லை. இடுப்பு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது குனிந்து பெருக்குகிறபோது நடுநடுவே நிமிர்ந்து மேலேயும் பார்க்கிறேன். சின்னவன் பழைய கணக்கு நோட்டின் மிச்சப் பக்கங்களில் தேதி போட்டு, வந்த பறவைகளை எழுதி வைக்கிறான். போன வாரம் அதில் ஒரு வரி, இவர் கையெழுத்தில்: 'காலை 6 மணி, செண்பகம், மதில் மேல்.'

நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் கொல்லைப்புறம் இல்லாவிட்டால் மாடி இருக்கும், ஜன்னல் இருக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சாதம் ஊட்டுகிறபோது காக்காய் காட்டுகிறோமே, அதோடு நிறுத்திவிடாமல் மைனாவையும் தவிட்டுக்குருவியையும் தேன்சிட்டையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். பெயர் தெரிந்த ஒன்றை வெட்டவும் விரட்டவும் அவ்வளவு சுலபத்தில் மனசு வராது.